தலையைப் பிடி, முழங்காலை அழுத்து

அந்தத் தெருக் குழந்தைகளின் வளர்ச்சிக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டவளின் உயரம் நான்கடி ஏழங்குலம். நியமித்தவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தால், அங்கே இருப்பதிலேயே மென்மையான வேலையை, அங்கே இருப்பதிலேயே அதிகம் கைநீட்டுகிறவள் என்று பெயரெடுத்தவளிடம் கொடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அவளைக் கேட்டால், அந்த இரண்டு தகுதிக்கும் சேர்த்துத்தான் தனக்கு வேலை கிடைத்தது என்பாள்.

ஊர் அவளுக்கு வைத்த பெயர் பலகை. தோளில் எப்போதும் அளவுப் பலகை இருக்கும். ஒரு மீட்டர் நீள மரம். தலைப்பக்கம் அசையாத கட்டை, கால்பக்கம் நகரும் கட்டை, ஓரத்தில் ஒட்டிய அளவு நாடா. இரண்டு வயது நிறையாத குழந்தையை நிற்கவைத்து அளக்கக் கூடாது, படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். படுக்க எந்தக் குழந்தையும் ஒப்புக்கொள்ளாது. அதனால் ஒருத்தி தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டையோடு ஒட்டவைப்பாள். இன்னொருத்தி முழங்கால்களை அழுத்தி நீட்டி, உள்ளங்காலில் நகரும் கட்டையைக் கொண்டுவந்து மோதவைத்து அளவைப் படிப்பாள். இவ்வளவும் பத்து நொடிதான். அந்தப் பத்து நொடியில் குழந்தை கொலை நடப்பதுபோலக் கத்தும். சுகாதார நிலையத்துக்குப் பக்கத்திலேயே சரக்கு இறக்கும் முற்றம். புதிதாக வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் அளவெடுக்கும் நாளான ஒரு செவ்வாய்க்கிழமை இந்தச் சத்தத்தைக் கேட்டு இரும்புக் கம்பியோடு உள்ளே பாய்ந்துவிட்டார். பலகை அவர் கையிலிருந்த கம்பியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த குழந்தையின் தலையைப் பிடிக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் அவர் வண்டியை விட்டு இறங்கியதில்லை.

இந்த வேலைக்கு வருமுன் அவள் வெட்டுக்கூடத்தில் குடல் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் அதே தொட்டியில்தான் வேலை. ஏழு வயதில் தொட்டிக்கு வந்தவளுக்குப் பத்தொன்பது வயதில், அங்கேயே மாடு அறுத்துக்கொண்டிருந்த ஆறடி மனிதரோடு கல்யாணம் ஆயிற்று. முதல் இரண்டு வருஷம் அடி வாங்கினாள். மூன்றாம் வருஷம் முக்காலி வாங்கினாள். அவர் கன்னத்தை எட்ட அதன்மேல் ஏற வேண்டியிருந்தது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, ஆடுகிறதா என்று பார்த்து, ஏறி நிற்கும்வரை அவர் என்னதான் நடக்கிறதென்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்தத் திருமணத்தைப் பற்றி அவள் நல்லபடியாகச் சொல்லும் ஒரே விஷயம் அதுதான். அடுத்த மாதம் அவர் தன் கத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பலகை வேலைக்கு ஐந்து நாள் பயிற்சி. கருவில் விழுந்த நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள்வரை ஆயிரம் நாள். அதற்குள் வளராமல் விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம். உயரம் மட்டுமல்ல, மூளையும் நோயைத் தாங்கும் உடம்பும் அந்தக் கணக்கில்தான் வரும் என்று நர்ஸம்மா விளக்கினார். கர்ப்பிணிக்கு ஒரு சத்துப் பொட்டலம். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப்பின் குழைந்த சாப்பாட்டோடு தினமும் ஒரு சின்னப் பொட்டலம், இரண்டு கரண்டிப் பசை. மற்றப் பெண்கள் குறிப்பெடுத்தார்கள். பலகை எழுந்து நின்று, “அப்ப என் ஒசரத்த யாரோ தின்னுட்டாங்கன்னு சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

நர்ஸம்மா நிதானமானவர். ஒரு தனி ஆளைக் காட்டி அப்படிச் சொல்லிவிட முடியாது. குடும்ப உடல்வாகு இருக்கிறது, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு இருக்கிறது, குடிக்கிற தண்ணீர் இருக்கிறது, பொட்டலமும் மந்திரம் கிடையாது, கொஞ்சம் உதவும் அவ்வளவுதான் என்றார். பலகை இதில் எதையும் காதில் வாங்கவில்லை. நேரே அப்பா வீட்டுக்குப் போனாள். கிழவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தான் வயிற்றில் இருந்தபோது அம்மா என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, “மிச்சத்த” என்றார். உண்மையைத்தான் சொன்னார், பாவம். தட்டு சுவரில் போய் மோதி இரண்டாக உடைந்தது.

அன்றிலிருந்து குள்ளம் என்பது அவள் கண்ணுக்குத் திருட்டு. அளவு குறைந்தால் எவனோ தின்றிருக்கிறான் என்று பொருள். அவனைக் கண்டுபிடித்து அடிக்க வேண்டும். மருத்துவ நூல்களில் இந்தக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தெருவில் பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. பொட்டலத்தைக் கடையில் தொங்கவிட்டு விற்றவனின் தராசுத் தட்டை அவன் தலையிலேயே கவிழ்த்தாள். பேத்தியின் பசையைத் தேநீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த மாமனார் ஒருவரின் மூக்குக்கண்ணாடி, மூக்கில் இருக்கும்போதே உடைந்தது.

அடித்து அடித்துக் கை வலித்த பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சாப்பிட்ட பொட்டலத்தின் காலி உறையை வழித்துத் துடைத்து, தட்டையாக்கி, ஏழு உறையையும் ஊசி நூலில் கோத்து, செவ்வாய்க்கிழமை கொண்டுவர வேண்டும். உறை வந்தால்தான் அடுத்த வாரப் பொட்டலம். ஒரு உறை குறைந்தால் அந்த வீட்டுக்குப் பலகையே நேரில் வருவாள். மூன்று மாதத்தில் தெருவில் ஒரு உறைகூடக் குறையவில்லை. மேலிடத்தில் இதைப் பாராட்டி ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சுகாதார நிலையத்தில் தன் அறையில் ஆணியடித்து மாட்டினாள். வந்த உறைகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் சாக்கில் திணித்துவைத்தாள். ஒரு சாக்கு நிறைந்தது, பிறகு இரண்டு, மூன்று.

உறை வந்தால் பசை உள்ளே போயிற்று என்றுதான் அர்த்தம். யாருக்குள்ளே என்பதை உறை சொல்லாது. ஊரையே சந்தேகப்பட்டவள் உறையைச் சந்தேகப்படவில்லை.

தெருவிலேயே அழகாகக் கோத்த உறை இரும்பு வீட்டிலிருந்து வரும். இரும்பு என்பவன் முற்றத்தில் சிமெண்ட் மூட்டை இறக்குகிறவன். ஞாயிறு மதியம் மூடிக்கிடந்த பழைய கிடங்கில் சுமைக்காரர்கள் வட்டம் கட்டிக் குத்துச்சண்டை போடுவார்கள். அதில் இரும்பைச் சாய்த்தவன் அதுவரை இல்லை. அவன் மனைவி வாயைத் திறக்காத பெண். முகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் வீங்கியிருக்கும். கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். அந்த வீட்டுக் கதவு அவ்வளவு பொல்லாதது.

அவர்களுடைய பெண் குழந்தையைக் குட்டி என்பார்கள். பத்து மாதத்தில் அதன் நீளம் அறுபத்தாறரை சென்டிமீட்டர். வளர்ச்சி அட்டையில் குள்ளத்துக்கு எல்லையான சிவப்புக் கோடு அந்த வயதுக்குச் சரியாக அங்கேதான் ஓடியது. பதினோராம் மாதம் மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தது. ஒரு வயது முடிந்தபோது அறுபத்தேழு. அட்டையில் கோடு மேலே ஏறிப் போய்க்கொண்டிருக்க, குட்டியின் புள்ளிகள் கீழே தனியாக நின்றன. பலகைக்கு அதைவிட உறுத்தியது ஒன்று: குட்டி கத்தவில்லை. தலையைப் பிடித்தாலும் காலை அழுத்தினாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தது. பக்கத்தில் வேறொரு குழந்தை பசையை நக்கிக்கொண்டிருந்தபோது அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கோட்டைத் தொட வேண்டுமென்றால், இரண்டாவது பிறந்தநாளன்று குட்டி எண்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பலகை அந்த எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் அறைக் கதவின் உட்புறத்தில் பெரிதாக எழுதினாள்.

பிறகு இரும்பின் மனைவியைப் பார்த்து, யார் தின்கிறார்கள் என்று நேராகவே கேட்டாள். அவள் உறைச்சரத்தை நீட்டினாள். ஏழும் இருந்தன. பக்கத்தில் நின்ற இஸ்திரிக்காரி ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் சுமைக்காரப் புருஷன்தான். அவளுடைய பெரிய பொட்டலத்துக்கும் அதே கதிதான். அவள்தான் தாங்க முடியாமல், “ஞாயித்துக்கிழம கிடங்குப் பக்கம் போய்ப் பாருங்கக்கா. அங்க கோக்குற மாதிரி உறை எவளுக்கும் கோக்க வராது” என்றாள்.

ஞாயிறு மதியம் பலகை போனாள். கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. வட்டத்தின் நடுவில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் ஒரு பல் கிடந்தது. சுவரோரம் அடுத்த சண்டைக்குக் காத்திருந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து பொட்டலம் சப்பிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுப்பது என்றால் அதில் பலம் இல்லாமலா இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அது எலும்பை வளர்க்கும் என்று தெருத்தெருவாகச் சொல்லிவைத்தவள் பலகைதான். சப்பி முடித்த உறையை ஒவ்வொருவனும் தொடையில் வைத்துத் தேய்த்து, மடிப்பெடுத்து, ஊசியில் கோத்தான். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்ததைப் பார்த்தபோது, தன் சட்டத்தை இவர்களைப்போல மதித்தவர்கள் தெருவில் வேறு யாருமில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

இரும்பு உட்கார்ந்தபடியே சிரித்தான். “வாக்கா. குழந்தைக்குன்னுதான போட்டிருக்கு? எங்கம்மாவுக்கு நான் குழந்ததான்.” ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். “நீ ரெண்டா தின்னு. இப்பயும் ஒண்ணும் கெட்டுப்போகல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முழங்காலைப் பற்றிப் பலகைக்குத் தெரிந்த அளவு அங்கே யாருக்கும் தெரியாது. தோளிலிருந்த பலகையை இறக்கி, தலைக்கட்டையின் முனை அவன் வலது முழங்காலின் உட்பக்கம் படும்படி ஒரே வீச்சு. கொட்டாங்கச்சி உடைவது போலச் சத்தம் கேட்டது. இரும்பு எழுந்தான்; அந்தக் காலோடு எழுந்தது பெரிய காரியம்தான். அவள் இடது மணிக்கட்டைப் பிடித்து, பாட்டில் மூடி திறப்பதுபோலத் திருகி, சுவரில் எறிந்தான். நினைவு வந்தபோது கிடங்கில் யாருமில்லை. பலகையை மட்டும் யாரோ அவள் பக்கத்தில் ஒழுங்காகச் சாய்த்துவைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மணிக்கட்டு பிற்பாடு கோணலாகத்தான் கூடியது. ஆனாலும் அவளுக்கு உள்ளூர ஒரு நிறைவு. அடுத்த ஞாயிறு இரும்பு முதல் முறையாகச் சண்டையில் விழுந்தான் என்று கேள்விப்பட்டபோது அந்த நிறைவு கூடியது. அது செவ்வாய்க்கிழமைவரை இருந்தது.

செவ்வாயன்று இரும்பின் மனைவி வந்தாள். மேலுதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. ஒரு கையில் குட்டி, மறு கையில் உறைச்சரம், அதில் ஏழு உறை. பலகை அதை வாங்காமல் அவள் வாயையே பார்த்தாள்.

“நீங்க அவர ஒரு அடி அடிச்சீங்கக்கா. அத நான் வாங்கிட்டேன்” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. காற்று மட்டும் பல் போன இடத்தில் சீறியது. “ஒரு பொட்டலம் குடுத்தா அன்னிக்கு அடி இல்ல. பிள்ளைக்கு ஒசரம் வேணும்னு நீங்க சொல்றீங்க. சரிதான். எனக்குப் பல்லு வேணும்.”

பலகை கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடித்தால் அந்த அடி இந்த வீட்டில் போய் விழுகிறது. அடிக்காவிட்டால் குட்டி அறுபத்தேழிலேயே நிற்கும். பொட்டலம் குட்டியின் வாய்க்குள் போக வேண்டும். அதே பொட்டலம் வீட்டுக்கும் போக வேண்டும். அன்று மதியம் முழுவதும் அவள் கதவில் எழுதியிருந்த எண்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நாற்காலியைப் பின்னால் தள்ளியபோது அது சாக்கு மூட்டையில் இடித்தது. உள்ளே, மூன்று சாக்கு நிறைய, நக்கித் துடைத்துத் தட்டையாக்கிய காலி உறைகள்.

மறுநாள் காலையிலிருந்து நடைமுறை மாறியது. தாய்மார்கள் பத்து மணிக்குப் பிள்ளைகளோடு அறைக்கு வர வேண்டும். கர்ப்பிணிகளும் வர வேண்டும். பொட்டலத்தைப் பலகையின் கண் முன்னால் கிழித்து, கண் முன்னால் தின்று, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். குட்டி முதல் வாரம் துப்பியது. இரண்டாம் வாரம் விழுங்கியது. இடையில் ஒரு வயிற்றுப்போக்கு வந்து ஒன்பது நாள் எல்லாவற்றையும் பாழாக்கியது. பலகைக்கு அன்றுதான் அடிக்க ஆள் கிடைக்காத திருட்டும் உண்டென்று தெரிந்தது. தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி நர்ஸம்மா பயிற்சியில் சொன்னதெல்லாம் அப்போது ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போகும் பொட்டலத்தைப் பெண்களே தயாரித்தார்கள். வேர்க்கடலையை இடித்து, சர்க்கரையும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, பழைய உறையில் அடைப்பார்கள். இஸ்திரிக்காரி தன் பெட்டியைச் சூடாக்கி, வாய்ப்பக்கத்தில் ஒரு விரற்கடை மடித்து ஒரு இழுப்பு இழுப்பாள். தொழிற்சாலையில் ஒட்டியது தோற்றுவிடும். இதைப் புருஷன்மார் தின்றார்கள்; உறையைத் தேய்த்தார்கள்; கோத்தார்கள். செவ்வாயன்று உறை திரும்ப வந்தது, புதனன்று மறுபடி நிரம்பிப் போனது. கிடங்கில் பொட்டலத்தின் வீரியம் கூடியிருக்கிறது என்றே பேச்சு. புது சரக்கு என்றான் ஒருவன். இரும்பின் முழங்கால் வீக்கம் வடிந்து, அவன் மறுபடி ஞாயிறுகளில் ஆட்களைத் தரையில் சாய்க்க ஆரம்பித்தான். வீட்டில் அடி குறைந்தது. இஸ்திரிக்காரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவள் பதினைந்து நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

பதினேழாம் மாதம் குட்டி எழுபத்து மூன்றைத் தாண்டியது. அந்த வயதுக்குக் கோடு இன்னும் மேலேதான் இருந்தது, ஆனால் புள்ளிகள் அதைத் துரத்த ஆரம்பித்திருந்தன. அந்த மாதம்தான் இரும்பு கண்டுபிடித்தான்.

திறமையான ஏமாற்றிலும் ஒரு பிசகு இருக்கும். இஸ்திரிக்காரி ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை மடித்து ஒட்டினாள். மறுமுறை அதை வெட்டிவிட்டு இன்னொரு விரற்கடை. ஐந்து மாதத்தில் சில உறைகள் நாலைந்து சுற்று வந்துவிட்டன. குழந்தைகள் வளர வளரப் பொட்டலம் குன்றிக்கொண்டே போயிற்று. ஒரு காலையில் இரும்பு பொட்டலத்தைத் தன் விரலோடு வைத்துப் பார்த்தான். முன்பெல்லாம் நடுவிரலைத் தாண்டி நிற்கும். இப்போது பாதி விரல்கூட இல்லை. அவனுக்கு வந்தது நியாயமான கோபம். பச்சைக் குழந்தைகள் வாயில் போகிற பொருளில் எவளோ கை வைக்கிறாள் என்று முற்றத்தில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு, குழந்தைகளுக்காக நியாயம் கேட்கப் பலகையின் அறைக்கு வந்தான்.

மணி பத்தேகால். அறையில் பதினோரு பெண்கள், பிள்ளைகள், நடுவில் பலகை, அவள் முன்னால் தரையில் அளவுப் பலகை. இரும்பு கையிலிருந்த குட்டைப் பொட்டலத்தை உயர்த்திக் காட்டிக்கொண்டே நுழைந்தான். அவனுக்கு நேர் எதிரில், மனைவியின் மடியில், குட்டி முழுநீளப் பொட்டலம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது.

அவன் கையைப் பார்த்தான், குட்டியின் கையைப் பார்த்தான். இரண்டையும் கூட்டிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மேசையை உதைத்தான், கிண்ணங்கள் பறந்தன. மனைவியின் முடியைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி, கதவு நிலையில் முகத்தை மோதினான். ஒரு முறை, இன்னொரு முறை. குட்டி மடியிலிருந்து தரையில் விழுந்து உருண்டது. நிலையில் ரத்தம் வழிந்து, கதவில் சுண்ணாம்பால் எழுதியிருந்த எண்பதை நனைத்தது. மூன்றாவது முறை மோதக் கையை ஓங்கியபோது பலகை கத்தினாள். யோசித்துக் கத்தவில்லை, வாயில் பழகியதுதான் வந்தது.

“தலையப் பிடி. முழங்கால அழுத்து.”

பதினோரு பெண்களும் ஐந்து மாதமாக இந்த இரண்டு வாக்கியத்துக்குக் கை பழகியவர்கள். துள்ளுகிற உடம்பை எங்கே பிடித்தால் அடங்கும், எந்தக் கை எந்த நேரத்தில் விடுபடும், எந்தக் கால் முதலில் உதைக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம். இஸ்திரிக்காரி பின்னாலிருந்து அவன் வலது முழங்காலில் உதைத்தாள். அது ஏற்கெனவே ஒரு முறை உடைந்த முழங்கால். அவன் அளவுப் பலகைமேலேயே மல்லாக்க விழுந்தான். ஒவ்வொரு கைக்கும் இரண்டிரண்டு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். இடுப்பில் மூன்று பேர். கோணல் மணிக்கட்டோடு பலகை இரண்டு முழங்கால்களையும் சேர்த்து அழுத்தினாள். குழந்தைக்கு அழுத்துகிற பக்குவத்தில் இல்லை. இரும்பு அலறினான். முற்றத்தில் லாரியிலிருந்த ஓட்டுநர் அதைக் கேட்டார். செவ்வாய்க்கிழமை போலிருக்கிறது என்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

தலை காலியாக இருந்தது. இரும்பின் மனைவி தவழ்ந்து வந்து, அவன் இரண்டு காதோரமும் பிடித்து, சட்டப்படி பார்வை நேரே மேலே இருக்குமாறு அவன் தலையைக் கட்டையோடு அழுத்தினாள். அவள் மூக்கிலிருந்து ரத்தம் அவன் நெற்றியில் சொட்டியது. அதுவரை அவனை ஒருமையில் அழைத்திராதவள், தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

“ஒரு வயசுல இதே பலகைல குட்டிய படுக்கவெச்சாங்க. அதுக்குக் கத்தக்கூடச் சத்து இல்ல. நீ கத்துற பாரு, அது அவ சத்து.”

பலகை நகரும் கட்டையைத் தேடினாள். அது அவன் தொடைக்கடியில் மாட்டியிருந்தது. “அளவு பத்தல” என்று அறிவித்தாள். “ஒரு மீட்டருக்கு மேல நாம பாக்கறதில்ல.” யாரோ ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும். பிடியை மட்டும் யாரும் விடவில்லை. அவன் அழ ஆரம்பிக்கும்வரை விடவில்லை. அழ ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

இதோடு அவன் திருந்தினான் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். முழங்கால் நிரந்தரமாகப் போயிற்று; மூட்டை தூக்க முடியாமல் முற்றத்தில் வாயிற்காவலுக்கு உட்கார்ந்தான். மனைவி இஸ்திரிக்காரியோடு வேலைக்குப் போனாள். ஆறு வாரம் கழித்து, படுத்தபடியே ஒரு தண்ணீர்ச் சொம்பை எறிந்து அவள் புருவத்தைப் பிளந்தான். அன்று மதியமே பதினோரு பேரும் பலகையோடு அந்த வீட்டுக்குப் போனார்கள். மறுபடியும் ஒரு தடவை போக வேண்டியிருந்தது. அதற்கடுத்த முறை குரல் உயர்ந்தபோது மனைவி போய் அளவுப் பலகையைக் கேட்டு வாங்கி வந்து, வாசலில் சாய்த்துவைத்துவிட்டுச் சமையலைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. கிடங்கில் மற்றவர்கள் அவனைப் பார்க்கும்போதெல்லாம் இத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள்; அதனால் அவன் ஞாயிறுகளில் வெளியே வருவதை நிறுத்தினான்.

அளவுக் கருவியை அதற்கு உரியதல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தியதாக மேலிடத்திலிருந்து பலகைக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. உறை சேகரித்ததற்கு வந்த சான்றிதழ் தொங்கிய அதே ஆணியில், அதற்கு மேலாக, இதையும் மாட்டினாள்.

குட்டியின் இரண்டாவது பிறந்தநாள் ஒரு செவ்வாயன்றே வந்தது. அறை நிரம்பியிருந்தது, அங்கே வேலை இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். தலையை அம்மா பிடித்தாள். முழங்காலை அழுத்தப் பலகை குனிந்தாள். குட்டி அன்று கத்திய கத்தலில் ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை பறந்தது. பலகை கட்டையைக் கொண்டுவந்து பாதத்தில் ஒட்டினாள், நாடாவைப் பார்த்தாள், கட்டையைத் தள்ளிவிட்டு மறுபடி ஒட்டிப் பார்த்தாள்.

எழுபத்தொன்பது புள்ளி ஆறு.

இஸ்திரிக்காரி எட்டிப் பார்த்து, கட்டையை ஒரு நூல் இழுத்தால் எண்பது வந்துவிடும், பார்க்கிறவர் யார் என்று தணிந்த குரலில் சொன்னாள். மற்றவர்களும் அதைத்தான் நினைத்தார்கள். ஊரையே அடித்து ஒழுங்கு செய்தவள், போலிப் பொட்டலம் செய்து ஐந்து மாதம் ஒரு தெருவை ஏமாற்றியவள், ஒரு நூல் இழுக்க மாட்டாளா? பலகை மூன்றாவது முறையாகக் குனிந்தாள். அந்த நேரம் அவளுடைய கோணல் மணிக்கட்டின் பிடி நழுவி, குட்டியின் வலது கால் விடுபட்டது. குதிகால் நேரே வந்து அவள் மூக்கில் இறங்கியது.

அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். ரத்தம் உதட்டைத் தாண்டி மோவாயில் வழிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அட்டையை இழுத்து, எழுபத்தொன்பது புள்ளி ஆறு என்று எழுதினாள்.

“எவ்ளோக்கா?” என்றாள் குட்டியின் அம்மா.

“நாலு மில்லி கொறையுது” என்றாள் பலகை, முந்தானைக்குள்ளிருந்து. “உதையில ஒண்ணும் கொறையல.”

குட்டி அதற்குள் பலகையை விட்டு இறங்கியிருந்தது. இஸ்திரிக்காரியின் பத்து மாதப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் சப்பிக்கொண்டிருந்தான். கோட்டுக்கு நன்றாக மேலே இருக்கிற, கொழுகொழு பையன். குட்டி நேரே போய் அவனைத் தள்ளிவிட்டு, பொட்டலத்தைப் பிடுங்கித் தன் வாயில் வைத்தது. அவன் வீறிட்டான். அப்படியே அப்பன் புத்தி என்றாள் ஒருத்தி.

“அப்பன் புத்தியெல்லாம் இல்ல” என்றாள் குட்டியின் அம்மா, பல் இல்லாத வாயை மறைக்காமல். “அதுக்குப் பசிக்குது.”

பலகை மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். எழுந்து போய், குட்டியின் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி உரியவனிடம் கொடுத்தாள். குட்டி அவள் காலைக் கடித்தது. கடிக்க விட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்து, பல்லால் கிழித்து, அதன் வாயில் திணித்தாள்.